விருது வாங்கிய திக்கல்

"எ... என் போட்டோவும் வேணும்ணா. பிரபாகர் பக்கத்துல, அ... அதே சைசுல."

ஃப்ளெக்ஸ் கடை முனிராஜ் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். எதிரில் நின்றது பக்கத்துக் குஷன் கடை நதீம். ஆட்டோவுக்கும் லாரிக்கும் சீட் தைக்கிறவர்.

"என்ன பாய், வாய்ல புண்ணா?"

"இ... இல்லீங்ணா. நான் எப்பவும் இ... இப்படித்தானே?"

காரிமங்கலத்தில் பதினோரு வருஷமாக இருவர் கடைக்கும் ஒரே சுவர். நதீம் திக்கிப் பேசி முனிராஜ் ஒரு நாளும் கேட்டதில்லை.

விஷயம் அப்புறம்தான் விளங்கியது. நடிகர் பிரபாகர் பக்கத்துக் கடத்தூர்க்காரர். அவர் திக்குவாயாக நடித்த படம் சக்கைப்போடு போட்டிருந்தது. தந்தி அடிக்கிற மாதிரி விட்டு விட்டுப் பேசுவதால் படத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'தந்தி'. வாயைத் திறந்தாலே தியேட்டர் குலுங்கும். நகைச்சுவைப் படங்களுக்கும் பாட்டுப் படங்களுக்கும் சேர்த்துத் தருகிற சிறந்த நாயகன் விருது, போன வாரம் அவருக்குக் கிடைத்திருந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி அவரு கா... காருக்கு சீட் கவர் போட்டேன்ணா. எம் பேச்சைக் கேட்டுத்தான் அந்த வேசத்தைப் பு... புடிச்சாரு."

வாசகத்தைக்கூட எழுதிக் கொண்டுவந்திருந்தார். 'விருது வென்ற தந்தியின் நிஜ நாயகன், நம்ம ஊர் நதீம்.'

முனிராஜ் அடித்துக் கொடுத்தார். பேனர் ஸ்கூல் கேட்டுக்கு எதிரில் ஏறியது.

அன்றிலிருந்து குஷன் கடையில் ஒரே கூட்டம். "பாய், ஒரு வசனம் பேசுங்க!" என்று போனை நீட்டுவார்கள். நதீம் தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் திக்கித் திக்கிப் பேசுவார். சிரித்துவிட்டுப் போவார்கள். ஸ்கூல் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் இன்னும் நன்றாகத் திக்குவார்.



"நெஜமாவே திக்கற சனம் எத்தனை இருக்கு? வெளிய வாயைத் தொறக்கவே கூசிக் கெடக்குதுங்க. இந்தாளு அதை வச்சு விளம்பரம் தேடறாரு பாரு!" என்று முனிராஜ் மனைவியிடம் பொருமினார்.

பிரபாகருக்குக் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. மேடை பேனர் கட்டப் போன முனிராஜ், நடிகரின் மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், எங்க ஊர்ல ஒருத்தர் உங்க ஹீரோ பேரைச் சொல்லி ஏமாத்திட்டிருக்காரு. அவருக்குத் திக்குவாயே கெடையாது. நான் சாட்சி."

சொன்னதில் ஒரு நிம்மதி.

விழாவில் பிரபாகர் மைக்கைப் பிடித்தார். "நான்தான் தந்தின்னு யாரோ பேனர் வச்சிருக்காராமே? எங்க, மேடைக்கு வாங்க பாக்கலாம்."

நதீம் ஏறினார். சட்டையை இன் பண்ணியிருந்தார்.

"உங்களை எனக்குத் தெரியவே தெரியாதே? எங்க பாத்தோம்?"

"கா... காருக்கு சீட்..."

"பொ... பொ... பொய்!" என்றார் பிரபாகர், படத்தில் பேசிய அதே குரலில்.

மண்டபமே அதிர்ந்தது. விசில். "டுபாக்கூரு, எறங்குடா!" என்று யாரோ கத்த, தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து நதீமின் தோளில் விழுந்தது.

"கடைசியா ஒரு தடவை நேராப் பேசிட்டுப் போங்க" என்று மைக்கை நீட்டினார் பிரபாகர்.

நதீம் கூட்டத்தைப் பார்த்தார்.

"எ... எனக்கு இ... இப்படித்தாங்க வரும்."

மறுபடி சிரிப்பு. முனிராஜும் சிரித்தார்.

மறுநாள் குஷன் கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் முனிராஜுக்கு வேலை ஓடவில்லை. மத்தியானமாக மசூதித் தெருவுக்கு வண்டியை விட்டார்.

நதீமின் மனைவி அஃப்சானா கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உள்ள படுத்திருக்காருங்ணா. யாரோடயும் பேசறதில்ல."

அவள் பின்னால் ரெண்டாங்கிளாஸ் படிக்கிற மகள் அன்ஜும். ஏதோ ரெண்டு தடவை கடைக்கு வந்திருக்கிறாள். பேசி முனிராஜ் கேட்டதில்லை.

"என்ன கண்ணு, ஸ்கூலுக்குப் போகலையா?"

"போ... போ... போகல மா... மாமா."

முனிராஜ் அஃப்சானாவை நிமிர்ந்து பார்த்தார்.

அஃப்சானா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் படம் வந்ததுலருந்து ஸ்கூல்ல இவளைத் தந்தி, தந்தின்னே கூப்புட்டாங்கண்ணா. சாப்பாட்டையே விட்டுட்டா. எனக்கும் உன்ன மாதிரித்தான் வரும், வீட்டுல அடக்கிப் பேசறேன், அந்த ஹீரோவே எம் பேச்சைத்தான் புடிச்சாருன்னு இவரு சொன்னப்புறம்தான் மறுபடி சாப்பிட்டா, ஸ்கூலுக்கும் போனா..." மேலே சொல்ல முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழந்தை முனிராஜின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எ... எங்கப்பா பொய் சொ... சொல்றாங்கன்னு எல்லாரும் சொ... சொல்றாங்க மாமா. ஸ்டே... ஸ்டேஜ்ல அந்த ஹீரோவே சொன்னாராம். நெ... நெஜமா?"

உள்ளே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது.

முனிராஜ் வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளே இருக்கிறவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அந்த நடிகனுக்கு என்ன தெரியும் கண்ணு? கடையில உங்கப்பன் பேச்சை தெனம் கேக்கறவன் நான். அவரு பொறந்ததுலருந்தே உன்ன மாதிரித்தான் பேசறாரு."