மூணாம் நம்பர் பட்டன்

"வாரம் முழுக்கச் சும்மா நிக்கிற காருல சார்ஜ் எப்படி இறங்கும்? ஏதோ ஒரு பட்டன்தான் திங்குது. இன்னைக்கு அதைக் கையும் களவுமா பிடிக்கிறேன்!"

புது எலக்ட்ரிக் காரில் உட்கார்ந்து, கணவன் ஒவ்வொரு பட்டனாக அமுக்கினான். வைப்பர் ஆடியது. கூரை திறந்தது. சீட் அவன் முதுகைப் பிடித்துவிட்டது. பக்கத்தில் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பின்சீட்டில் அவனுடைய அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "எனக்குக் காருன்னாலே வயித்தைக் கலக்குதுடா. கண்டதையும் அமுக்காதே!"

"இது என்னங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு?" என்றாள் மனைவி.

"ஓட்டுறவங்க உயரத்துக்கு சீட் தானா நகரும். ஒண்ணு நான், ரெண்டு நீ."

"மூணு?"

"அது காலி."

"அதை மட்டும் தொடாதே!" என்று அம்மா அலறுவதற்குள் அமுக்கிவிட்டான்.

சீட் விறுவிறுவென்று முன்னால் ஓடி, மேலே எழும்பி, அவன் தொப்பையை ஸ்டியரிங்கோடு வைத்து நசுக்கியது.

"ஐயோ, மூச்சு முட்டுது! எவனோ ஒரு குள்ளத் திருடன் நம்ம காரை..."

அப்போது கார் தேனொழுகப் பேசியது. "வணக்கம், மகாராணி! இன்னைக்கும் நீச்சல் குளமா, இல்லே சிநேகிதி வீடா?"

இருவரும் மெதுவாகத் திரும்பினார்கள்.

அம்மா கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் பஸ் ஏறினதும், பாவம், இது தனியா நிக்குதேன்னுதான்..." என்றவள், மகனின் தோளைத் தட்டினாள். "சீட் எனக்குச் சரியா வந்து நிக்குது பாரு. இறங்குடா!"