தாத்தா வாங்கிய காசு

"இந்தக் காசு எங்கேருந்து வந்துச்சு, மிஸ்டர் ஏப்லி? எனக்கு எழுத்துல வேணும்."

சூரிக்கில் அந்தப் பழங்காசு ஏலக்கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒர்னெல்லாவிடம் சொல்லிவிட்டார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே.

முதலாளி ஏப்லி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெல்வெட் தட்டில் கிரேக்கர் காலத்து வெள்ளிக் காசு. பெண் முகம், சுற்றிலும் நாலு டால்பின்.

"ரெண்டாயிரத்து நானூறு வருஷம்! நாப்பது வருஷமாப் பாக்குற கண்ணு இது, ஏமாறாது. ஏலப் புத்தகத்துக்குக் குறிப்பு எழுதி உன் பேரைப் போடு, போதும்."

"போன வாரம் ஒரு சிசிலிக்காரன் சட்டைப் பையிலேருந்து எடுத்துக் கொடுத்தான். மண்ணைத் தோண்டித் திருடினதா இருந்தா?"

"தோண்டுறது உங்க ஊர்க்காரன், யோக்கியம் பேசுறது நீ! வீட்டுல முதல்முதலாப் படிச்சதுங்களே இப்படித்தான். பட்டத்தை நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரியும்."

"ஒட்டிக்கிட்டுத்தான் திரிவேன். எட்டு மாசமாப் பாக்குறேன், எந்தக் காசு வந்தாலும் உங்க தாத்தா வாங்கினதாயிடுது. எழுதிக் கொடுக்கலேன்னா என் பேர் கிடையாது. வேலையை விட்டுத் தூக்குங்க, பரவாயில்ல."

மாலைக்குள் புத்தகம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஏப்லி முணுமுணுத்தபடி இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பழுப்பேறிய வட்டச் சீட்டுகள் ஒரு கட்டு. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் எந்த ஊரில், எந்த வருஷம் வாங்கியது என்று எழுதி ஒவ்வொரு காசுக்கு அடியிலும் வைப்பவை. எதிலும் ஒரு எழுத்து இல்லை. ஒன்றை உருவி, மங்கிய மையில் எழுதினார்: 'லூசர்ன், 1961.'

"போதுமா, மகாராணி?"

"கடைத் தாள்லயும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

'என் தாத்தாவின் சேகரிப்பு. அறுபத்தொன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்தைச் சுழற்றிப் போட்டார். "தொழிலைக் கத்துக்கோ. இனிமே இதுதான் உண்மை."

ஒர்னெல்லா சீட்டையும் தாளையும் பைக்குள் வைத்தாள். கோட்டை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"போலீசுக்கு."

ஏப்லி வயிறு குலுங்கச் சிரித்தார். "தாராளமாப் போ! அது என் தாத்தா வாங்கின காசு இல்லேன்னு இந்த உலகத்துல யாரால நிரூபிக்க முடியும்?"

"எங்கப்பாவால" என்றாள் ஒர்னெல்லா, கதவைத் திறந்தபடி. "கடிகாரத் தொழிற்சாலையில அச்சு வெட்டுறவர். கொண்டுவந்து கொடுத்த சிசிலிக்காரன் என் சித்தி மகன். போன வருஷம் நான் பட்டம் வாங்கினப்போ அந்தக் காசை அடிச்சுப் பரிசாக் கொடுத்ததே எங்கப்பாதான்!"

கதவைச் சாத்தாமலே படியிறங்கினாள்.