கோணல் வேல்

"இந்தப் பெட்டியில ஜாதகம் எழுதினவன் கறுப்புச் சட்டைக்காரனாமே?"

செருப்போட உள்ள வந்து அரிசி மில் அர்ச்சுனன் இப்படித்தான் கேட்டாருங்க.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல நான் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்ட புதுசு. எண்பத்தெட்டுல கம்ப்யூட்டர்னா ஜனங்க சூடம் காட்டாத குறைதான். ஆம்பளையா பொம்பளையா, பொறந்த தேதி, நேரம், ஊரு நாலையும் தட்டினா கட்டம், பலன், தோஷம், பொருத்தம் எல்லாத்தையும் கடகடன்னு அடிச்சுத் தள்ளிடும்.

அந்தப் புரோகிராமை எழுதிக் குடுத்தவர் பென்னாகரத்து மாயவன். பேரு பெருமாள் பேரு, வாயைத் திறந்தா சாமி இல்லை. பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா கறுப்புச் சட்டையை மாட்டிக்கிட்டு, நாலு ரோட்டுல மைக்கைப் பிடிச்சு, ஜாதகம்ங்கிறது பித்தலாட்டம்னு கிழி கிழின்னு கிழிப்பார். அந்தப் பேச்சைத்தான் அர்ச்சுனன் கேட்டுட்டு வந்திருக்கார்.

விஷயம் என்னன்னா, அவர் மவனுக்கும் கடத்தூர் மாதுவோட மவ வேடியம்மாளுக்கும் பொருத்தம் பார்த்தது என் கடையிலதான். உள்ளூர் ஜோசியர் செவ்வாய் தோஷம்னு சொல்லிச் சொல்லியே அந்தப் பொண்ணுக்கு வந்த வரனெல்லாம் வாசலோட திரும்பிடுச்சு. கம்ப்யூட்டர்ல போட்டா தோஷமே இல்லைன்னு வந்துச்சு. காயிதத்தைக் கையில வாங்கின மாது அழுதே போட்டார். பையனுக்கும் பொண்ணைப் பிடிச்சுப் போச்சு. வெத்தலை பாக்கு மாத்தறதுதான் பாக்கி. இப்ப வந்து இந்த மனுஷன் கல்லைத் தூக்கிப் போடறார்.

"நம்பிக்கை இல்லாதவன் வெச்ச பொங்கலைச் சாமிக்குப் படைப்பீங்களா? பக்தி உள்ளவன் எவனாச்சும் எழுதினதுல போட்டுக் காட்டுங்க. இல்லைன்னா இந்தச் சம்பந்தம் வேணாம்."

பின்னாடியே ஓடி வந்த மாது மெதுவாத்தான் சொன்னார். "உங்க மில்லு மோட்டாரைச் செஞ்சவன் என்ன கட்சின்னு கேட்டுட்டா நெல்லு அரைக்கிறீங்க? சாமியே இல்லைங்கிறவருக்கு என் பொண்ணுக்காகப் பொய் சொல்லி ஆகப்போறது என்னங்க?"

அவர் சொன்னா அதுவும் நியாயமாப் படுது. இவர் சொன்னா இதுவும் நியாயமாப் படுது. மாசம் தவறாம தீர்த்தமலைக் கோயிலுக்குப் போற ஆளு நான். எனக்கே இது ரொம்ப நாளா உறுத்தல்தான். ஆனா பெட்டி நல்லா வேலை செய்யுதே, என்ன பண்ணச் சொல்றீங்க?

மாயவனுக்குப் போன் போட்டேன். காச்சு மூச்சுன்னு கத்துவார்னு பார்த்தா, அந்தப் பொண்ணு யாரு, முன்னாடி வரனெல்லாம் ஏன் தட்டிப் போச்சுன்னு மட்டும் விசாரிச்சார். அப்புறம், ஓசூர்ல ஒரு பக்திமான் இதே மாதிரி எழுதி வெச்சிருக்கார், அடுத்த வாரம் வாங்கியாந்து தரேன்னார். கோபமே இல்லை. எனக்கு ஒண்ணும் புரியலை.

சொன்ன மாதிரியே பிளாப்பி வந்துச்சு. ரெண்டு சம்பந்தியையும் வரச்சொல்லி, அவங்க எதிர்லயே அதைப் போட்டேன். திரையில புள்ளி புள்ளியா ஒரு வேல், கீழே 'முருகன் துணை'. வேல் கொஞ்சம் கோணல். அதனால என்ன, அர்ச்சுனன் வெளிய போய்ச் செருப்பை விட்டுட்டு வந்து கன்னத்துல போட்டுக்கிட்டார். மாது கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார்.

தோஷம் இல்லை. பொருத்தம் உத்தமம்.

பக்திமான் வாக்கு பக்திமான் வாக்குதான்னு அர்ச்சுனன் அங்கேயே தேதி குறிச்சார். முதல்லயும் இதேதானுங்களே வந்துச்சுன்னு வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டேன்.

ஆவணியில தீர்த்தமலையில ஜாம் ஜாம்னு கல்யாணம் நடந்துச்சு. மருமவ வூட்டுக்கு வந்த நேரம் எல்லாம் நல்லா நடக்குதுன்னு அர்ச்சுனன் கடைக்கே வந்து லட்டு குடுத்துட்டுப் போனார்.

அன்னிக்குக் கடையில ஆளில்லை. லட்டைத் தின்னுக்கிட்டே சும்மா என் ஜாதகத்தையும் என் சம்சாரம் ஜாதகத்தையும் அந்த ஓசூர் பிளாப்பியில தட்டினேன். எங்க ரெண்டு பேருக்கும் செவ்வாய் தோஷம். செவ்வாய்க்குச் செவ்வாய்னு தேடிப் பிடிச்சுத்தான் கட்டி வெச்சாங்க.

எனக்குத் தோஷம் இருக்குன்னு வந்துச்சு. அவளுக்கு இல்லைன்னு வந்துச்சு.

அவ தேதியையே ஆம்பளைன்னு மாத்திப் போட்டேன். இருக்குங்குது. பொம்பளைன்னு போட்டேன். இல்லைங்குது. பழைய பிளாப்பியிலயும் அதே கூத்து. அப்ப வேடியம்மாளுக்கு? நான் பண்ணது புண்ணியமா, பாவமா?

ஞாயித்துக்கிழமை நாலு ரோட்டு மேடைக்குப் பின்னாடி மாயவனைப் பிடிச்சேன்.

"ஏனுங்க, பொண்ணுங்களுக்கு மட்டும் தோஷமே வர மாட்டேங்குது?"

அவர் என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போனார்.

"கட்டமெல்லாம் பஞ்சாங்கப்படி சுத்தமா இருக்கும்ங்க. தோஷம்ங்கிற வரியைத்தான் பொண்ணுங்களுக்கு நான் எழுதலை. நான் எழுதலைன்னா வேற எவனாச்சும் இதை எழுதுவான், அவன் அந்த வரியையும் சேர்த்து எழுதுவான். அதுக்காகத்தான் இந்தக் கர்மத்துல கையே வெச்சேன்."

"சரிங்க, அந்த ஓசூர் பக்திமானும் எப்படிங்க அதே மாதிரி...?"

கறுப்புச் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டே, கட்சிக்காரங்க யாராச்சும் பக்கத்துல இருக்காங்களான்னு பார்த்துட்டு என் காதுகிட்டக் குனிஞ்சார்.

"எனக்குச் சரியா வரைய வராதுங்க. வேல் கொஞ்சம் கோணலா வந்துடுச்சு. அர்ச்சுனன் மனசு வருத்தப்பட்டு ஏதாச்சும் சொன்னாருங்களா?"