வாஹ்ராமின் வாக்கியம்

கதவைத் தட்டாமலே வகுப்புக்குள் வந்து நின்றான் வாஹ்ராம். கோட்டு இல்லை, தலைமுடியில் பனி, சட்டையில் இரண்டு பொத்தான்கள் பிய்ந்திருந்தன.

"யாரை அடிச்சிட்டு வர்றே?" என்றான் கடைசி பெஞ்சு அர்சென், ஆங்கிலத்தில். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். மேரியன் மேடத்தின் வகுப்பில் ஆர்மீனிய மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் வெளியே போய்விட வேண்டும். இங்கிலாந்திலிருந்து கியூம்ரி நகருக்கு வந்து ஐந்து மாதமாக, மாணவர்கள் தப்பாகச் சொல்லும் வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள் அவள். கடையை 'மேகசின்' என்பார்கள். "பத்திரிகைக்குள்ள போயா முட்டை வாங்கினே?" என்று அவள் கேட்டால் வகுப்பே குலுங்கும்.

வாஹ்ராம் மேசையருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "மேடம், உங்க வீட்டுக்காரருக்கு இன்சல்ட்."

வாஹ்ராம் மேரியனின் கீழ்வீட்டு செரோப்பின் மகன். கார் நிறுத்தும் இடத்துக்காக செரோப்புக்கும் அவள் கணவன் கொலினுக்கும் ஒரு மாதமாகத் தகராறு. நேற்று செரோப் மண்வெட்டியைப் பனியில் ஓங்கிக் குத்தி, "உன்னை ஒரு நாள் பார்த்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

"எங்கே?"

"வாசல்ல. கார்கிட்ட."

"உங்கப்பா அங்கே இருக்காரா?"

"இருக்கார். அவர்தான் பிடிச்சிட்டிருக்கார்."

மேரியன் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் என்ன பண்ணினார்?"

"ஒண்ணும் பண்ணல. பேசவே இல்ல. கையைத் தூக்கல."

அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தாள். கொலின் வாய்ச்சண்டை போடுவானே தவிர, யார் மீதும் கை வைக்க மாட்டான். கைப்பைக்குள் போன் அதிர்ந்து அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. வகுப்பு நேரத்தில் அவள் போனைத் தொடுவதில்லை.

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுச் சண்டை வகுப்புக்கு வந்துவிட்டதே என்று கூச்சமாக இருந்தது. குரலைக் கறாராக்கிக்கொண்டாள்.

"முதல்ல வாக்கியத்தைச் சரியாச் சொல்லு. 'அவருக்கு இன்சல்ட்' இல்ல. 'அவரை இன்சல்ட் பண்ணிட்டாங்க.'"

"இல்ல மேடம். யாரும் பண்ணல. தானா வந்துச்சு. சீக்கிரம் வாங்க."

"தானா வர்றதுக்கு இன்சல்ட் என்ன ஜலதோஷமா?"

சொல்லிவிட்டு, சிரிப்புக்காக வகுப்பின் பக்கம் திரும்பினாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அர்சென் தலையைக் குனிந்துகொண்டான். ஜன்னலோரத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வாஹ்ராம் ஏதோ சொல்ல வந்து, ஆங்கிலம் வராமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

முன்வரிசையிலிருந்து ஹெகினே எழுந்தாள். கொக்கியில் தொங்கிய மேரியனின் கோட்டை எடுத்துவந்து, குழந்தைக்குப் போட்டுவிடுவது போல விரித்துப் பிடித்தாள்.

"மேடம்… எங்க பாஷையில இன்சல்ட்னா பக்கவாதம்."