பத்து எண்ணும் வரை

டீச்சர் கேட்டுவிட்டாள். இனி காத்திருக்க வேண்டும்.

பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி உட்காருங்கள் என்று போன வாரப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கேள்வி கேட்டதும் பதிலையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

பத்தொன்பது வருஷமாக நாற்காலியில் இருந்தபடி பால்வாடி நடத்திய உடம்பு. தரையில் முழங்கால் விண்ணென்று தெறித்தது.

எதிரே சந்தனமாரி. நான்கு வயது. உப்பளத்துக் கூலிக்காரர்களின் மகள். சேர்ந்து எட்டு மாதம். பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே, ‘பேச்சு வரவில்லை’ என்று எழுதியவள் டீச்சர்தான்.

நடுவே பாயில் ஒரு படம். நீல வானம். வெள்ளை வெளேரென்று ஒரு பனிமலை.

“இது என்ன?”

மூன்று. நான்கு.

“அது பேசாத புள்ள, டீச்சர்.” சமையற்கட்டிலிருந்து ஆயா சொன்னாள். “சோறு ஆறுது.”

ஏழு.

மலை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

பத்து தாண்டியது. இருபதும் தாண்டியது.

சந்தனமாரி படத்தைத் தொட்டாள். தொட்ட விரலை நக்கிப் பார்த்தாள்.

“உப்பு அம்பாரம்.”

கரகரத்த, சின்னஞ்சிறு குரல்.

தப்பு என்று சொல்லத்தான் வாய் திறந்தது. அடக்கிக்கொண்டாள்.

“யாரு குவிச்சது?”

இந்த முறை எண்ண வேண்டியிருக்கவில்லை.

“எங்கம்மா. தலையில சொமந்து சொமந்து. மேல ஏறுனா வழுக்கும். காலெல்லாம் புண்ணு. நான் எண்ணெ தடவுவேன்.”

நிறுத்தவில்லை. சோறு ஆறிப்போகும் வரை பேசினாள்.

மதியம் அம்மா வந்தாள். அளத்திலிருந்து நேரே. எப்போதும்போல் படிக்கு வெளியிலேயே நின்றாள்.

டீச்சர் எழுந்து வாசலுக்கு விரைந்தாள். குரல் சற்று உயர்ந்துவிட்டது.

“இன்னைக்கு உன் மக பேசிட்டா.”

அம்மாவின் முகம் சுருங்கியது. மகளை வெடுக்கென்று இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

“மன்னிச்சிருங்க டீச்சர். இனிமே பேச மாட்டா. நான் கண்டிச்சு வைக்கேன்.”

குனிந்தாள். மகளைப் பார்த்து, ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினாள்.

பத்தொன்பது வருஷமாக டீச்சர் பிள்ளைகளுக்குக் காட்டிவந்த அதே சைகை.

அந்த அம்மாவும் இந்தப் பால்வாடியில் படித்தவள்தான்.

டீச்சரின் முதல் வருஷத்துப் பிள்ளை.