சாளர அட்டிகை

"நடுவுல இருக்கிற ஓட்டைக்கு இன்னா அர்த்தம்னு மேடையில கேப்பாங்க. ஆகாசம், பிரபஞ்சம்னு எதையாவது எடுத்து வுடுங்க. போன தடவ மாதிரி ஜன்னல்னு மட்டும் சொல்லாதீங்க. ஜன்னல் எல்லார் வூட்லயும் கீது" என்றார் பலராமன்.

வாலாஜாபாத் நகை வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர். இன்னும் சற்று நேரத்தில் தசரதனுக்கு 'ஆபரணச் சக்கரவர்த்தி' பட்டம் சூட்டப்போகிறார். பட்டத்தை யோசித்ததும் அவரே. கிரீடம் வாடகைக்குக் கிடைக்காததால் ஜரிகைத் தலைப்பாகையோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு காலத்தில் வெறும் தசரதப் பத்தர். இப்போது டிசைனர் தசரதன். அவரை அப்படி ஆக்கியது சாளர அட்டிகை. பதக்கத்தின் நடுவே கல்லும் இல்லாமல் பூவும் இல்லாமல் வட்டமாக ஒரு வெற்றிடம். அணிந்தவளின் கழுத்து அதன் வழியே தெரியும். ஒரகடம் முதல் காஞ்சிபுரம் வரை அது இல்லாமல் முகூர்த்தம் கிடையாது. அன்று மண்டபத்துக்கு வந்திருந்த பெண்கள் கழுத்திலெல்லாம் அந்த ஓட்டை இருந்தது. சமையல்காரர் மனைவியின் கவரிங்கில்கூட.

வெற்றிடத்தைப் பற்றி தசரதன் பல மேடைகளில் பேசியிருக்கிறார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "கலையைக் கட்டிக்கிட்டேன்" என்பார். தவறாமல் கைதட்டல் கிடைக்கும்.

"அப்புறம், மொத மொதல்ல செஞ்ச அட்டிகையைக் கண்ணாடிப் பெட்டியில வெக்கக் கேட்டிருந்தேனே, அந்தம்மா மணிமங்கலத்துலேர்ந்து வந்துட்டாங்க. பாஞ்சாலின்னு பேரு. பின்னாடி ரூம்ல உக்கார வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு பலராமன் மைக்கைப் பார்க்கப் போனார்.

தசரதனின் தலைப்பாகை சரிந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. நகை செய்யத் தங்கம் கொடுத்தால், பத்தர் அதில் கை வைத்துவிடாமல் இருக்க, வீட்டு ஆள் ஒருவர் பட்டறையில் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். அட்டிகைக்குத் தங்கம் கொடுத்திருந்த ஒரகடம் கோதண்டத்துக்கு நடவு மும்முரம். பட்டறைக்கு எதிர்வீட்டில் இருந்த தன் தங்கையிடம் மகள் பாஞ்சாலியைத் தங்கவைத்து, அவளையே காவலுக்கு உட்காரவைத்தார். அவளுடைய கல்யாணத்துக்கான அட்டிகைதான். பாஞ்சாலி காலையில் வந்து உட்காருவாள். விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து போவாள். பேச்சு அதிகமில்லை. பார்வை மட்டும் அவர் கையைவிட்டு நகராது. தசரதனின் கையை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

பதக்கத்தின் நடுவில் வைக்க ஒரு தங்கப் பூ. இதழ் இதழாக இழைத்து முடித்திருந்தார். மறுநாள் பொருத்தவேண்டும். அன்று சாயங்காலம் அவள் போன பிறகு பார்த்தால், பூவைக் காணோம்.

கரியைச் சலித்தார். சாம்பலைச் சலித்தார். இல்லை. ஊரே திருடன் என்று சொன்னாலும் தாங்கிக்கொள்வார், அவள் நினைத்துவிட்டால்? விடிவதற்குள் தன் மோதிரத்தை உருக்கி விளிம்பில் சேர்த்து, எடையைச் சரிக்கட்டி, நடுவில் வெற்றிடம் விட்டு மெருகு போட்டுவிட்டார்.

"புது டிசைன்" என்றார்.

கோதண்டம் தராசைப் பார்த்துத் தலையாட்டினார். பாஞ்சாலி நிமிர்ந்தே பார்க்கவில்லை. குனிந்த தலையோடு நகையை வாங்கிப் போனாள். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அங்கே அட்டிகையைப் பார்த்த பெண்கள் மறுவாரமே பட்டறை வாசலில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு செய்த ஒவ்வொரு அட்டிகையிலும் தசரதனுக்குத் தெரிந்தது பிரபஞ்சம் அல்ல. அந்த நிமிராத தலை.

பின்னறைக்குப் போனார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"இன்னா பத்தரே, தலையில இன்னா இது? மாப்ள அழைப்பா?"

அவரைப் பத்தரே என்று யாரும் கூப்பிட்டு வெகுகாலமாகிவிட்டது. தலைப்பாகையைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"வூட்ல எல்லாம் சௌக்கியமா?"

"இருக்காங்க. பேத்தி எடுத்தாச்சு. நீங்க கலையைக் கட்டிக்கினீங்களாமே. எப்டி, கொணம் நல்ல கொணமா?"

"சமைக்கத் தெரியாது" என்றார் தசரதன்.

அவள் சிரித்தாள். வெளியே மைக்கில் பலராமனின் குரல் முழங்கியது: "இந்த வெற்றிடத்துக்குள் ஒளிந்திருக்கும் தத்துவத்தை யாரால் அறிய முடியும்?"

"பாஞ்சாலி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி நீ நிமிந்தே பாக்கல. அந்தப் பூவ நான் எடுத்துட்டேன்னு தான நெனச்ச?"

"எடை சரியா இருந்துச்சே."

"இருந்துச்சி. ஆனா பூ?"

"உங்க வெரல்ல மோதரத்தக் காணோம். வெள்ளையா தடம் மட்டும் தெரிஞ்சிது. அதப் பாத்தப்புறம் எப்டி நிமிர்றது?"

தசரதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். இத்தனை வருஷம் சுமந்தது இறங்கிவிட்டது போலிருந்தது.

"அப்ப என்னைத் திருடன்னு நீ நெனைக்கல."

"உங்கள எதுக்கு நெனைக்கணும்?"

பாஞ்சாலி இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, எதையோ எடுத்து, அவர் முன்னால் உள்ளங்கையை விரித்தாள். இதழ் இதழாக இழைத்த தங்கப் பூ.

"இன்னொண்ணு செய்ய எப்டியும் பத்து நாள் ஆவும், அதுவரிக்கும் வந்து குந்திகினு இருக்கலாம்னு பாத்தேன். நீங்க இன்னாடான்னா, ஒரே ராத்திரியில டிசைனர் ஆயிட்டீங்க."