சுற்றிப் போகிற பஸ்

போன கார்த்திகைக்குக் கோயிலில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, லோத்குண்டாவில் இருக்கும் ரமணி எனக்குச் சொன்னது இது.

அவள் மருமகள் ஹம்ஸினிக்குத் தார்நாகா ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை.

"ஸ்கூட்டர்ல அரை மணி. மெட்ரோன்னா முக்கால் மணி. அந்தச் சுத்துற பஸ்ல ஒன்றரை! பஸ் நக்கோ, வேணாம்னா கேக்குறாளா?" என்று அலுத்துக்கொள்வான் மகன் அனிருத்.

"எனக்கு பஸ்தான் பிடிக்கும்" என்பாள் அவள். எல்லோரும் காபி குடிக்கும்போதே கிளம்பிவிடுவாள்.

"அடுப்படிக்கு டிமிக்கி கொடுக்க ஒரு பஸ்ஸு!" என்பாள் ரமணி.

ஒருநாள் மருமகளுக்குப் பின்னாலேயே போய், அதே பஸ்ஸில் கூட்டத்தோடு ஏறிக்கொண்டாள்.

கண்டோன்மென்ட் மரங்கள் வந்தன. வெயிலும் நிழலும் மாறி மாறி பஸ்ஸுக்குள் மிதந்தன. கூட்டம் விலகியபோது பார்த்தாள்.

ஹம்ஸினியின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி ஒரு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். அல்வாலில் இருக்கும் சம்பந்தி, கனகம்!

ஹம்ஸினி பதறி, உதட்டில் விரல் வைத்தாள்.

"என்னடி இது? வீட்டுல தூங்கக்கூடாதா?" ரமணி கிசுகிசுத்தாள்.

"அப்பா படுக்கையில விழுந்ததுலேர்ந்து ராத்திரி பூரா 'கனகம், கனகம்'னு கூப்பிடுறார் அத்தை. அம்மா வீட்டுல இருக்காங்கன்னு தெரிஞ்சாலே கூப்பிடுவார். காலையில தம்பி கிட்டு நைட் டூட்டி முடிச்சு வந்து அவர்கிட்ட உட்காருவான். அம்மா இந்த பஸ் ஏறிடுவாங்க. இதுலதான் தூக்கம்."

"என்கிட்ட சொன்னா என்னவாம்?"

"புருஷனைப் பார்த்துக்க அலுத்துக்கிறாள்னு பேசுவீங்களோன்னு அம்மாவுக்குப் பயம்."

ரமணி, தூங்கும் அந்த முகத்தில் ஓடிய நிழல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தார்நாகா! தார்நாகா!" கண்டக்டர் கத்தினார்.

"இங்கே இறக்கி, எதிர் பஸ்ல ஏத்திவிடுவேன்" என்று ஹம்ஸினி அம்மாவின் கையைத் தொடப் போனாள்.

"எழுப்பாதே. இது மல்லாபூர் வரைக்கும் போகுதில்ல? நீ மெல்ல எழுந்திரு."

கனகத்தின் தலை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியது. தூக்கம் கலையவில்லை.

பஸ்ஸில் யாராவது உங்கள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டால், கொஞ்ச நேரம் அசையாமல் இருங்கள்.